உனக்கு எப்படி வந்தது?

இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணித வினாத்தாளைக் கையிலெடுக்கும் மாணவன், சுட்டெண்ணை எழுதுக என்பது முதலான அறிவுறுத்தல்களுக்கிடையே, வினாத்தாளின் இரண்டாம் பகுதியை மாத்திரமே பரீட்சை மண்டபத்துக்கு வெளியே எடுத்துச் செல்லலாம் என்ற வாக்கியத்தையும் வாசிக்கிறான். காரணம் எளிது. 10 குறுவினாக்கள் கொண்ட முதற் பகுதிக்கு ஒவ்வொரு வினாவின் கீழும் விடப்பட்டிருக்கும் இடத்திலேயே விடை எழுதவேண்டும். எழுதி முடித்ததும் அந்தத் தாளை, தனித்தாள்களில் எழுதிய இரண்டாம் பகுதி விடைகளின் மேல் வைத்துக் கட்டி, மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே மூன்று மணித்தியாலம் கணக்கோடு மல்லாடிவிட்டு வெளியே வரும் பிள்ளையின் கையில் வினாத்தாளின் ஒரு பகுதி இருக்கிறது. மற்றப் பகுதி ஞாபகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பரீட்சைக்குப் பின் விடை ஒத்துப் பார்க்கும் வழக்கத்துக்கென்று ஒரு பிரத்தியேக குணம் உண்டென்றும், அது இந்தக் குறைத்தாளிலிருந்தே பிறக்கிறதென்றும், நெடுங்காலம் இங்கே கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் நான் எண்ணுகிறேன்.

பாடசாலைப் படலையைத் தாண்டி ஒழுங்கை முடக்குக்கு வந்ததும் நாலைந்து சைக்கிள்கள் மதிலோரம் சாய்க்கப்படும். ஒன்றின் கரியரில் இரண்டாம் பகுதித் தாள் விரிக்கப்படும். ஆனால் முதலில் அந்தத் தாளை ஒருவரும் பார்ப்பதில்லை. அதன் பின்புறத்து வெற்றிடத்தில் ஞாபகத்திலுள்ள 10 கணக்குகளையும் மீட்டெழுதுவதே முதல் வேலை. ஒருவனுக்குத் தொகுத்தறிவுக் கணக்கின் இடப்பக்கம் நினைவிருக்கும், வலப்பக்கம் இராது. இன்னொருவனுக்கு வட்டத்தின் சமன்பாடு நினைவிருக்கும், அது எந்தப் புள்ளியினூடாகச் சென்றதென்பது இராது. ஐந்து பேரின் ஞாபகமும் கூடி ஒரு வினாத்தாள் மறுபடி உருவாகும்வரை சூடான வெயிலையும் பசியையும் அந்தப் பிள்ளைகள் பொருட்படுத்துவதில்லை.

அப்படியொரு கூட்டத்தின் அருகே, என் மாணவரை அழைத்துப் போவதற்காக நின்றிருந்த ஒரு நாள் கேட்ட சம்பாஷணையை இங்கே எழுதுகிறேன். x பூச்சியத்தை அணுகும்போது, ஒன்றிலிருந்து கோசைன் 4x-ஐக் கழித்து x-இன் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எல்லை யாது என்பது கணக்கு.

"எனக்கு நாலு வந்தது மச்சான்."

"நாலோ? எட்டெல்லோ வரும்!"

"எப்பிடி எட்டு வரும்? ஒண்டு சய கோஸ் நாலு எக்ஸ் எண்டால் ரெண்டு சைன் வர்க்கம் ரெண்டு எக்ஸ். சரியோ?"

"சரி. சைன் ரெண்டு எக்ஸ் ஓவர் எக்ஸ் எதுக்குப் போகும்?"

"ரெண்டுக்கு."

"அந்த ரெண்டை வர்க்கம் எடுத்தனியோ?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எடுக்கேல்லையடா" என்றான். அருகில் நின்ற மூன்றாமவன் உடனே அவன் தோளில் கைவைத்து, "அப்ப கடைசிப் படிக்குரிய புள்ளிதான் போகும். மிச்சமெல்லாம் ஸ்கீமில இருக்கும்" என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போனான்.

இந்தச் சிறு சம்பாஷணையில் அடங்கியிருக்கும் பாடம் பெரிது. 'என்ன வந்தது' என்று தொடங்கிய பேச்சு, மூன்றாம் கூற்றிலேயே 'எப்படி வந்தது' என்று திரும்பிவிட்டதைக் கவனியுங்கள். இணைந்த கணிதத் தாள் ஒன்றுக்கு மொத்தம் 1000 புள்ளிகள். முதற் பகுதியின் 10 வினாக்களுக்கும் தலா 25, இரண்டாம் பகுதியின் 7 வினாக்களில் விடையளிக்கவேண்டிய 5 வினாக்களுக்குத் தலா 150. பல்தேர்வு வினா ஒன்றுகூட இல்லை. புள்ளியிடும் திட்டம் என்று உத்தியோகபூர்வமாகவும் 'ஸ்கீம்' என்று பேச்சிலும் வழங்கும் அந்த ஆவணம் ஒவ்வொரு வினாவின் புள்ளியையும் படிமுறைக்குப் படிமுறை ஐந்து ஐந்தாகப் பிரித்துவைக்கிறது. விடை பிழைத்தவன் எல்லாவற்றையும் இழப்பதில்லை. வழி தவறியவன் விடை சரியாக வந்தாலும் தப்புவதில்லை. அதனால் எங்கள் பிள்ளைகள் விடையைவிட வழியையே அதிக சிரத்தையோடு ஒத்துப் பார்க்கிறார்கள். வழியை ஒத்துப் பார்ப்பதுதான் கணித சாஸ்திரம். எண்ணை ஒத்துப் பார்ப்பது கடைக் கணக்கு.

தமிழ்நாட்டிலே இதே வழக்கம் வேறொரு முகத்தோடு விளங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் திருச்சிராப்பள்ளியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வு முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்ற மாணவியர் நால்வரின் பேச்சைக் கேட்க வாய்த்தது. அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் முழு வினாத்தாளும் இருந்தது. அங்கே வினாத்தாள் வேறு, விடைத்தாள் வேறு. வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மீட்டெழுதவேண்டிய பிரயாசை அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. எடுத்த எடுப்பில், "ஒன் வேர்ட் எத்தனைடி சரி?" என்றாள் ஒருத்தி. "பதினெட்டு கன்ஃபார்ம். பதினாலாவதுக்கு மூணாவது ஆப்ஷன்தானே?" என்றாள் மற்றவள். "இல்லடி, ரெண்டாவது. புக் பேக்ல அப்படியே இருக்கு" என்று மூன்றாமவள் பாடநூலையே எடுத்து விரித்துக் காட்ட, பதினெட்டு என்றவளின் முகம் வாடியது. "சென்டம் போச்சு" என்ற இரண்டே சொல்லில் அவள் பேச்சு முடிந்தது.

அந்தத் தேர்வின் அமைப்பை அறிந்தால் அந்த வாட்டம் விளங்கும். எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. அவை நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வகையின. பின்னர் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள் வரும். அகமதிப்பீட்டுக்கு உரிய 10-ஐயும் சேர்த்தால் நூறு. அந்த நூறுக்கு நூறு என்ற கனவுக்கே 'சென்டம்' என்று பெயர். பெரிய கணக்கில் ஒரு படி தவறினால் திருத்துபவர் படிப்படியாக மதிப்பெண் அளிப்பார். ஒரு மதிப்பெண் வினாவில் அத்தகைய கருணைக்கு இடமில்லை. அதிலும், பொறியியற் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு 2007 முதல் தமிழ்நாட்டில் இல்லாதுபோன பிறகு, 200-க்குக் கணக்கிடும் 'கட்-ஆஃப்' என்பதில் கணிதம் முழு நூறும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுமாகச் சேர்கின்றன. மற்றப் பாடத்தில் போன ஒரு மதிப்பெண் அரையாகவும், கணிதத்தில் போன ஒரு மதிப்பெண் முழு ஒன்றாகவும் நெஞ்சில் தைக்கிறது. எனவே, அங்குள்ள மாணவர் பாடநூலின் பயிற்சி வினாவோடு ஒத்துப் பார்ப்பதை, அறிவின் குறைவென்று சொல்ல நான் துணியமாட்டேன். தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே பிள்ளையும் கேட்கிறது.

தமிழகத்தில் இந்த ஒத்துப் பார்த்தல் மாணவரோடு நில்லாமல் பொதுவிஷயமாகவும் ஆகிவிடுவதுண்டு. மறுநாட் காலைப் பத்திரிகையில் கணிதத் தேர்வு எளிதா கடினமா, சென்டம் கூடுமா குறையுமா என்ற செய்தி, மாணவர்களும் ஆசிரியர்களும் சொல்லும் கருத்துகளோடு வெளிவரும். வினாவொன்றில் அச்சுப்பிழையோ பாடத்திட்டத்துக்குப் புறம்பான விஷயமோ இருந்தால், வாசலில் நின்று பேசிய பிள்ளைகளாலேயே அது முதலில் வெளிப்படும். அந்த வினாவுக்கு விடையெழுத முயன்ற எல்லாருக்கும் மதிப்பெண் வழங்கும்படி கல்வித்துறை அறிவித்த சந்தர்ப்பங்கள் பல. இது சாதாரண நன்மையன்று. முழு வினாத்தாளும் வீட்டுக்கு வருவதால், பிழையைக் கண்டுபிடிக்கும் அதிகாரம் பிள்ளைகளின் கைக்கும் வருகிறது.

இனி, பெறுபேறு வெளிவந்தபின் நிகழ்வதைப் பார்ப்போம். இரு கரைகளுக்குமுள்ள ஆழமான வேற்றுமை அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டு மாணவிக்கு அவள் பெற்ற மதிப்பெண் இத்தனை என்று அச்சில் வரும். ஐயமிருந்தால் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கலாம்; பின்னர் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். தேர்வன்று பேருந்து நிறுத்தத்தில் சொன்னதையும் விடைத்தாளில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளால் முடியும். யாழ்ப்பாணத்து மாணவனுக்கோ ஏ, பீ, சீ என்ற சித்தித் தரமும், நான்கு தசமதானத்தில் ஓர் இசட் புள்ளியும், மாவட்ட நிலையும், அகில இலங்கை நிலையும் வரும். இணைந்த கணிதத்தில் அவன் பெற்ற புள்ளி எத்தனை என்பது வராது. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தாலும் முடிவு வருமேயன்றி விடைத்தாள் வராது. ஆகவே, தன் புள்ளி இத்தனை என்று ஓர் எண்ணைச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு ஓர் ஈழத்துப் பிள்ளைக்கு ஆயுளில் ஒரேயொரு தடவை, அந்த ஒழுங்கை முடக்கில், சைக்கிள் கரியரின் மேல்தான் கிடைக்கிறது. 'சோதினையை மறந்திட்டு அடுத்ததைப் படி' என்று அதட்டும் பெரியவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். நம் முந்திய தலைமுறையினர் பரீட்சைப் பெறுபேற்றை 'மறுமொழி' என்றே சொல்வார்கள். மறுமொழி வருமுன்னே பிள்ளைகள் தமக்குள் கூடித் தாமே ஒரு மறுமொழியைக் கண்டுகொள்கிறார்கள்.

இசட் புள்ளி என்பது யாது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்: ஒருவன் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் அவ்வாறு வந்தவற்றின் சராசரியை எடுப்பது. அதாவது ஒருவனுடைய தலைவிதி அவன் எழுதியதில் மாத்திரம் இல்லை. மற்ற எல்லாரும் எழுதியதிலும் இருக்கிறது. இதனால் எங்கள் பிள்ளைகளின் ஆறுதல் மொழியும் புள்ளிவிபரவியல் சார்ந்ததாகிவிட்டது. "எல்லாருக்கும் கஷ்டமெண்டால் பிரச்சினையில்லை" என்று அழுகின்ற நண்பியிடம் ஒரு மாணவி சொன்னால், அது வெறும் தேறுதல் வார்த்தையன்று, கணிதமுறைப்படி உண்மை. திருச்சியிலும் அந்த மாணவியர் பிரியும்போது, "பேப்பர் டஃப்னா கட்-ஆஃப் கொறயும்டி" என்று ஒருத்தி சொல்லக் கேட்டேன். அவ்விடத்தில் இரு கரைகளும் ஒன்றாகிவிட்டன.

ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் நிற்கிறது. 1970-இல் நடைபெற்ற பரீட்சையின் பெறுபேற்றைக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு மாணவரைச் சேர்த்தபோது, பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மூலம் எழுதியவனுக்கு 400-க்கு 227 போதுமாயிருக்க, தமிழ்மொழி மூலம் எழுதியவனுக்கு 250 வேண்டியிருந்தது. அதன்பின் 1973-இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974-இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 'தரப்படுத்தல்' என்ற சொல் இன்றும் இந்த மண்ணில் சாதாரணக் கல்விச் சொல்லாக ஒலிப்பதில்லை. அந்தத் தலைமுறை மாணவரும் எங்களைப் போலவே மதிலோரம் நின்று விடைகளை ஒத்துப் பார்த்தவர்கள்தான். எல்லா விடையும் ஒத்திருந்தும் இடம் கிடைக்காதபோது, சரியான விடை என்பதற்கே என்ன பொருள் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியின் விளைவுகளை இந்நாடு நீண்டகாலம் அனுபவித்தது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையின் கீழ், மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்துக் கணக்குச் செய்த பிள்ளைகளும், பரீட்சை முடிந்ததும் செய்த முதல் வேலை, 'உனக்கு எப்படி வந்தது' என்று கேட்டதுதான்.

இன்றைய அனுமதி முறையில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மாவட்ட ஒதுக்கீட்டின்படி ஒருவனுக்கு நேர்ப் போட்டியாளன் கொழும்பிலுள்ள முகந்தெரியாத மாணவன் அல்லன். அதே ரியூசன் வாங்கில் பக்கத்தில் இருந்து, அதே சைக்கிளில் டபிள் வந்தவனே. இருந்தும் அவனிடமே தன் வழியை ஒளிக்காமல் விரித்துச் சொல்லும் அந்தப் பிள்ளைகளின் நெஞ்சத் தூய்மையை நான் பலமுறை வியந்திருக்கிறேன். வழி தெரிந்துவிட்டால் அதைப் பகிராமல் இருக்க முடியாது என்பது கணிதத்தின் சுபாவமோ என்னவோ.

இரு கரைகளும் ஒரே வினாத்தாளை எழுதிய காலமொன்று இருந்தது. சென்னைச் சர்வகலாசாலையின் முதலாவது பி.ஏ. பரீட்சையில் 1857-இல் சித்தியெய்திய கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள், 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் பயின்றவர்கள். முன்னவர் கணிதத்தில் வல்லவர். வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கியவர். பின்னவர் பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த பெருமகன். அந்த ஒற்றுமை போய்விட்டது. ஒரே தமிழில் எழுதும் பிள்ளைகள் இன்று வெவ்வேறு கலைச்சொற்களால் எழுதுகிறார்கள். தமிழகத்தில் 'கலப்பெண்' என்பது இங்கே 'சிக்கலெண்'. அங்கே 'அணி' என்பது இங்கே 'தாயம்'. போர் முடிந்தபின் தமிழகத்து அகதி முகாமிலிருந்து பெற்றோருடன் ஊர் திரும்பி என் வகுப்பிற் சேர்ந்த மாணவி ஒருத்தி, தவணைப் பரீட்சை முடிந்து வந்து, "அணி கணக்குக்கு என்ன ஆன்சர்?" என்று கேட்டபோது, மற்றவர்கள் விளங்காமல் விழித்தார்கள். அவள் தாளில் எழுதிக் காட்டினாள். "ஓ, தாயமோ!" என்று எல்லாரும் சிரிக்க, அவளும் சிரித்தாள். முதல் தவணையில் விடையை மாத்திரம் கேட்டுவிட்டு விலகிப்போன அந்தப் பிள்ளை, ஆண்டு முடிவதற்குள் மற்ற எவரையும்விட உறுதியாக 'நீ எப்பிடிச் செய்தனீ' என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். அவள் மாத்திரம், கேட்டபின் பாடநூலையும் திறந்து சரிபார்ப்பாள். அந்தப் பழக்கத்தை அவள் அங்கிருந்து கொண்டுவந்தாள்; அது நல்ல பழக்கம்.

எல்லா ஒத்துப் பார்த்தலும் நன்மை என்று நான் சொல்லவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையன்று எங்கள் பாடசாலைப் படலைகளில் நிகழ்வது எனக்கு மனவேதனை தருகிறது. பத்து வயதுக் குழந்தை வெளியே வந்ததும், தண்ணீர் கொடுக்கு முன்னரே, "அந்தக் கணக்குக்கு என்ன போட்டனீ?" என்று தாய் கேட்கிறாள், பக்கத்தில் நிற்கும் இன்னொரு தாய், "என்ர பிள்ளை வேறயெல்லோ போட்டிருக்கு" என்கிறாள். இரண்டு குழந்தைகளும் ஒருவரையொருவர் பாராமல் நிலத்தைப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு அந்த வயதில் இத்தகைய பொதுப்பரீட்சைப் பாரம் இல்லை. அவ்வகையில் அவர்கள் பாக்கியசாலிகள். பிள்ளைகள் தமக்குள் கேட்கும்போது கல்வியாக இருப்பது, பெற்றோர் கேட்கும்போது விசாரணையாகிவிடுகிறது.

பாரதத்தின் மிகப்பெரிய பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில், பிள்ளைகள் தமக்குள் ஒத்துப் பார்க்கும் வழக்கமே அற்றுவருகிறது. 2019 முதல் தேசியத் தேர்வு முகமை அதைக் கணினியில், பல நாட்களில், பல அமர்வுகளாக நடத்துகிறது. காலையில் எழுதியவனுக்கும் மாலையில் எழுதியவனுக்கும் வினாத்தாள் வேறு வேறு. மதிப்பெண்ணைச் சமன்செய்து 'பர்சன்டைல்' தருகிறார்கள். சில நாட்களில் விடைக்குறிப்பும், அவரவர் அளித்த விடையும் இணையத்தில் வரும். பிழையென்று தோன்றினால் கட்டணம் செலுத்தி ஆட்சேபிக்கலாம். நியாயத்துக்கு அதிற் குறையில்லை. ஆயினும் வாசலில் நிற்கும் இரு நண்பர்களுக்கிடையே பேசுவதற்குப் பொதுவான கணக்கு ஒன்றும் இல்லை. இயந்திரத்தோடு தனித்து ஒத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, 'அந்த இரண்டை வர்க்கம் எடுத்தாயா' என்று தோளில் கைவைத்துக் கேட்க யார் இருக்கிறார்கள்?

எங்கள் பரீட்சைத் திணைக்களம் பிற்பாடு கடந்தகால வினாத்தாள்களையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் தமிழிலும் வெளியிடுகிறது. பரீட்சார்த்திகள் எந்த வினாவில் எங்கே வழுக்கினார்கள் என்று அவ்வறிக்கைகள் விபரமாகக் கூறும். உபாத்தியாயர்களுக்கு அவை பெரும் பிரயோசனம். ஆனால் எழுதிய பிள்ளைக்கு அவை கிடைக்கும்போது சூடு ஆறிவிடுகிறது. அவன் பல்கலைக்கழகத்திலோ, இரண்டாம் முறைப் பரீட்சைக்கான ரியூசனிலோ, வெளிநாட்டிலோ இருப்பான்.

ஆதலால் திணைக்களத்தாரிடம் இரண்டு விண்ணப்பங்கள். முதற் பகுதியின் 10 வினாக்களையும் விடையெழுதும் இடமில்லாமல் தனித்தாளொன்றிலும் அச்சிட்டு, பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளின் கையிற் கொடுத்தனுப்புங்கள். பெறுபேறு வந்தபின், கேட்கிற பிள்ளைக்கு, தமிழ்நாட்டிற் போல, அதன் விடைத்தாளின் நகலையும் கொடுங்கள்.